போட்டுவிட்டுப் போனவர்கள்

சமைக்கிறவர் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். சட்டி நாள் முழுக்கத் தன்பாட்டுக்குச் சமைத்துக்கொண்டிருக்கும். 1970களில் ஸ்லோ குக்கரை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த விளம்பரங்களின் சாரம் இதுதான். அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது, விளம்பரம் வேதமாகிவிட்டது. மாட்டிறைச்சி பாட் ரோஸ்ட் எப்படிச் செய்வது என்று அங்கே யாரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் பதில் வரும்: கறித்துண்டை அப்படியே போடு, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயத்தை மேலே கொட்டு, ஒரு பாக்கெட் சூப் பொடியைத் தூவு, தண்ணீர் ஊற்று, 'லோ'வில் வைத்துவிட்டு வேலைக்குப் போ. சாயங்காலம் வந்தால் விருந்து தயார்.

இந்த விருந்தை நான் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். மிச்சிகனில் ஒரு ஜனவரி மாதம், ஊருக்குப் புதிதாக வந்திருந்த தமிழ்த் தம்பி ஒருவர் வீட்டுக்கு அழைத்தார். "அண்ணே, நம்ம ஊர்ல நாலு விசில் வந்துச்சா அஞ்சு விசில் வந்துச்சான்னு காதத் தீட்டிக்கிட்டே நிக்கணும். இங்க அந்தத் தொல்லையே இல்ல. காலையில எட்டு மணிக்குப் போட்டேன், மூடியைத் தொடவே இல்ல" என்றார் பெருமையாக. மணி இரவு ஏழு. மூடி திறந்தது. பலமுறை துவைத்து வெளுத்த துணியின் நிறத்தில் ஒரு கறித்துண்டு, அதைச் சுற்றி ஒரு குளம், குளத்துக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு கேரட். கறி, முள்கரண்டி பட்டதும் பிரிந்தது. வாயில் போட்டால் சணல். கேரட்டைக் கடித்தால் கடக்கென்றது. ஒரே சட்டி, ஒரே பதினொரு மணி நேரம். அதில் ஒன்று அளவு மீறி வெந்திருக்கிறது, இன்னொன்று வேகவே இல்லை. தம்பி குழம்பிப்போய், "கறி சரியில்லையோ அண்ணே?" என்றார். கறிமீது தப்பில்லை. தம்பிமீதும் இல்லை. அவர் நம்பி ஏமாந்த கொள்கைமீதுதான் என் வழக்கு.

கருவிமேல் எனக்குப் பகை கிடையாது. என் அடுப்படியிலும் ஒன்று பத்து வருஷமாக உழைக்கிறது. கனத்த பீங்கான் சட்டி, அதைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி ஓடும் உலோகக் கூடு, மேலே கண்ணாடி மூடி; அவ்வளவுதான் அதன் உடம்பு. பழைய குண்டு பல்பு மூன்று நான்கு எரிகிற மின்சாரத்தில் நாளெல்லாம் சூடு கொடுக்கும். பாட் ரோஸ்ட்டும் எளிய சங்கதிதான். மாட்டின் உழைத்த பாகம் ஒன்றிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோ கறியை வெட்டாமல் முழுசாக எடுத்து, கொஞ்சம் நீரும் கிழங்கு வகைகளும் சேர்த்து, மூடிய சட்டியில் மெல்ல வேகவைப்பது. நியூ இங்கிலாந்துக்காரர்கள் அதைத் தங்கள் சொத்து என்பார்கள். ஜெர்மனியில் அதற்கு நாள்கணக்கில் வினிகரில் ஊறும் ஓர் ஒன்றுவிட்ட அண்ணன் உண்டு, சவர்பிராட்டன் என்று பெயர். நம் ஆங்கிலோ-இந்திய வீடுகளிலும் மிளகும் காய்ந்த மிளகாயும் போட்டு ஒரு பாட் ரோஸ்ட் செய்வார்கள். அது தனிக் கதை.

கொள்கையின் வேரிலிருந்து தொடங்கலாம். இந்தச் சட்டியைக் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்சன், சிகாகோவில் வாழ்ந்த யூதப் பொறியாளர். 1936ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940ல் கிடைத்தது. யோசனை வந்தது அவருடைய தாயார் சொன்ன பழங்கதையிலிருந்து. லித்துவேனியாவின் வில்னா நகரில் சிறுமியாக இருந்தபோது, வெள்ளிக்கிழமை பிற்பகலில் தாயார் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போவாராம். பொழுது சாய்ந்தால் யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத் தொடங்கிவிடும். அதன்பிறகு தீ மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது. ரொட்டி சுட்டு முடித்த பேக்கரி அடுப்பில் சூடு மிச்சமிருக்கும். அந்தச் சூட்டில் சட்டி இரவெல்லாம் கிடந்து மறுநாள் வீட்டுக்குத் திரும்பும். சோலண்ட் என்பது அந்த உணவின் பெயர்.

போட்டுவிட்டுப் போகலாம் என்பவர்கள் இந்தக் கதையைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுக்கிறார்கள். பாருங்கள், அந்தக் காலத்திலேயே அப்படித்தானே செய்தார்கள் என்று. பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்வதால் வரும் வினை இது. சட்டிக்குள் என்ன இருந்தது? காய்ந்த பயறு, பார்லி, உருளைக்கிழங்கு, கொழுப்பும் சவ்வும் மண்டிய கறி. மறுநாள் பகல்வரை ஒருவரும் தொடமுடியாது என்று தெரிந்து, அதைத் தாங்கக்கூடிய பொருள்களாகவே பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். எந்தப் பயறு, எவ்வளவு நீர், எந்தச் சட்டி என்ற அத்தனை முடிவும் பொழுது சாய்வதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். சனிக்கிழமை கை வைக்க முடியாது என்பதால் வெள்ளிக்கிழமை பகலில் கை ஓய்ந்திருக்காது. அவர்கள் விட்டுவிட்டுப் போனதை மட்டும் பிடித்துக்கொண்டோம். போவதற்குமுன் செய்ததை மறந்தோம்.

நாக்சன் தன் கருவிக்கு வைத்த பெயரையும் கவனிக்க வேண்டும்: நாக்சன் பீனரி. பயறுச் சட்டி! கன்சாஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் அவருடைய நிறுவனத்தை 1970ல் வாங்கியது. பயறு மட்டும் அவித்துக்கொண்டிருந்தால் எத்தனை பேர் வாங்குவார்கள்? கறி, கோழி, சூப் எல்லாவற்றுக்கும் குறிப்புகள் எழுதிச் சேர்த்து, 1971ல் சிகாகோ வீட்டுப்பொருள் கண்காட்சியில் கிராக்-பாட் என்ற புதுப்பெயரோடு மேடையேற்றினார்கள். 1975ல் மேபல் ஹாஃப்மன் எழுதிய 'கிராக்கரி குக்கரி' என்ற சமையல் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. பயறு அவிக்கப் பிறந்த சட்டி ஐந்தே வருஷத்தில் சர்வரோக நிவாரணி. இதில் வேடிக்கை, அதன் பிறவித் தொழிலான பயறிலேயேகூட 'எதையும் போடு' என்பது செல்லாது. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது, அது முழுக்கொதியில்தான் அழியும். ஊறவைத்த ராஜ்மாவை அப்படியே ஸ்லோ குக்கரில் போட்டுச் சாப்பிட்டால் வாந்தியும் பேதியும் பிடுங்கும். தனியே நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே அதைச் சட்டிக்குள் விட வேண்டும்.

இனி கறி. நீரில் மூழ்கிக் கிடக்கும் கறி எப்படி வறளும் என்று கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சதை என்பது நீர் நிரம்பிய மெல்லிய இழைகளின் கட்டு. சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இழைகள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல உள்ளே இருக்கும் நீரை வெளியே தள்ளுகின்றன. வெளியே இருப்பது நீரா காற்றா என்று அவை பார்ப்பதில்லை. முறுக்கிப் பிடித்த துணியை வாளித் தண்ணீருக்குள்ளேயே வைத்தாலும் பிடி தளராதவரை அது நீரைக் குடிக்காது. எந்தச் சட்டியில் செய்தாலும், பாட் ரோஸ்ட் ஆகி வரும்போது கறி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்துதான் வரும். கழுத்தளவு நீரில் நின்று தாகத்தில் செத்த கதை அது.

அப்படியானால் நல்ல பாட் ரோஸ்ட் வாயில் ஈரமாக உருகுவது எதனால்? அந்த ஈரம் தண்ணீர் இல்லை, ஜெலட்டின். கறிக்கடையில் "சவ்வை எடுத்துடுங்க பாய்" என்று ஒதுக்கச் சொல்கிறோமே, அந்தச் சவ்வில் இருக்கும் கொலாஜன், 70 டிகிரிக்கு மேலே மணிக்கணக்கில் கிடந்தால் உருகி ஜெலட்டினாகிறது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் உதடு ஒட்டுகிறதே, அதே பொருள். பிழிந்துபோன இழைகளுக்கு நடுவே அதுவும் கொழுப்பும் சேர்ந்து பூசிக்கொள்வதால் நாக்கு அதை ஈரம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே கேள்வி எவ்வளவு தண்ணீர் ஊற்றினாய் என்பதில் இல்லை, எந்தக் கறியை வாங்கினாய் என்பதில் இருக்கிறது. மாட்டின் தோள்பாகத்தை அமெரிக்கக் கறிக்கடையில் சக் என்கிறார்கள். நாளெல்லாம் நடந்து, தலையைத் தூக்கித் தாழ்த்தி உழைத்த பாகம். சவ்வும் கொழுப்பும் அதில் பின்னிக் கிடக்கும். பின்னந்தொடையிலிருந்து வரும் ரவுண்ட் பார்க்க அழகாக, கொழுப்பே இல்லாமல், ஒரே சீராக இருக்கும். உடம்புக்கு நல்லது என்று அதைத்தான் பலர் வாங்குகிறார்கள். உருகுவதற்குச் சவ்வு குறைவு; பிழிந்த இழை மட்டும்தான் மிஞ்சும். சக்கை விட்டவனுக்குச் சக்கைதான் மிச்சம் என்று தம்பியிடம் சொன்னேன். அவர் வாங்கியது ரவுண்ட்.

நேரம் கூடினால் கூடுதல் மென்மை என்பதும் இதன் கூடப்பிறந்த பொய். உருகிய ஜெலட்டின் கறிக்குள் காவல் காத்துக்கொண்டு நிற்காது. நேரம் போகப் போகக் குழம்புக்குள் இறங்கிவிடும். அதோடு இழைகளை ஒன்றாகக் கட்டிவைத்திருந்த கயிறும் போய்விடுவதால் கறி நார்நாராகப் பிரிகிறது. "கத்தியே வேண்டாம், தானா பிரியுது பாருங்க!" என்று மகிழ்கிறார்கள். பிரிவது வேறு, மென்மை வேறு. தேங்காய் நாரும்தான் தானாகப் பிரியும். ஒன்றரைக் கிலோ சக் 'லோ'வில் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் பதமாகிவிடும். முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் தயங்கித் தயங்கி விலக வேண்டும், அதுதான் பதம். வேலைக்குப் போகிறவரோ காலை ஏழரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு வருகிறார். இந்த இரண்டு, மூன்று மணி நேர இடைவெளியைப் பற்றிக் கொள்கைக்காரர்கள் வாய் திறப்பதில்லை.

'லோ'வில்தானே வைத்தேன், என்ன ஆகிவிடும் என்ற தைரியமும் ஆதாரமில்லாதது. லோ என்றால் சிறு தீ, ஹை என்றால் பெருந்தீ என்று கேஸ் அடுப்பைப்போல நினைத்துக்கொள்கிறோம். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. ஒன்று விரைவு ரயில், மற்றது பாசஞ்சர். பாசஞ்சர் ரயிலும் ஊர் போய்ச் சேர்ந்தபிறகு நிற்க வேண்டுமல்லவா? நேரம் முடிந்ததும் தானே 'வார்ம்' நிலைக்கு இறங்கும் குக்கர்கள் இருக்கின்றன. கொஞ்சம் கூடுதல் விலை. அந்த ஒரு வசதிக்குக் கொடுக்கலாம்.

தண்ணீரைப் பற்றி ஒரே வார்த்தை: ஊற்றாதீர்கள். சரி, முக்கால் டம்ளர். கறி தானே அரை லிட்டருக்குக் குறையாமல் விடப்போகிறது, மூடி அதை ஆவியாகப் போகவிடாமல் திருப்பி அனுப்பிவிடும். தம்பி வீட்டுக் குளம் அப்படி உண்டானதுதான்.

காய்கறிக்கு வருகிறேன். பாட் ரோஸ்ட்டில் ஏமாறுவதற்கு மிக நேர்த்தியான இடம் இது. கறி கடினமானது, காய் மென்மையானது, ஆகவே கறி வேகும் நேரத்தில் காய் குழைந்துவிடும் என்று யாரும் நினைப்பார்கள். அதனால்தான் காயை மேலே போடுகிறார்கள். அடியில் போட்டால் கூழாகிவிடுமாம். ஸ்லோ குக்கருக்குள் கணக்கு தலைகீழ். கறியின் கொலாஜன் 70, 80 டிகிரியிலேயே, நேரம் மட்டும் கொடுத்தால், உருகத் தொடங்கிவிடும். கேரட், உருளைக்கிழங்கின் உயிரணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையோ 85 டிகிரியை நெருங்கினால்தான் இளகும். இதற்குமேல் ஒரு சூழ்ச்சியும் இருக்கிறது. 50க்கும் 70க்கும் இடைப்பட்ட வெப்பத்தில் ஒரு காய் அரைமணி நேரத்துக்கு மேல் கிடந்தால், அதில் உள்ள ஒரு நொதி வேலைசெய்து அந்தப் பசையை இறுக்கிவிடுகிறது. அப்படி ஒருமுறை இறுகிய கேரட் பிறகு கொதித்தாலும் லேசில் விட்டுக்கொடுக்காது. ஊறுகாய், டப்பா காய் தயாரிப்பவர்கள் காய் மொறுமொறுப்பாக இருக்க இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். ஸ்லோ குக்கரை 'லோ'வில் வைத்தால் அந்த வெப்ப வட்டாரத்தைத்தான் மாட்டுவண்டி வேகத்தில் கடக்கிறது.

சூடு வருவதும் பக்கச் சுவரிலிருந்து. மேல்பக்கம் வெறும் கண்ணாடி. ஆகக் கறியின் தலைமேல் குவித்துவைத்த கேரட், சட்டியிலேயே மிகச் சூடு குறைந்த இடத்தில், நீருக்கும் வெளியே உட்கார்ந்திருக்கிறது. தம்பி சுவை கூடட்டும் என்று ஒரு டப்பா தக்காளி வேறு கொட்டியிருந்தார். புளிப்பு பெக்டினை இளக விடாது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பாரில் காய் வெந்த பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்றுகிறோம். முந்தி ஊற்றினால் காய் வேகாது என்று எந்த அம்மாவும் சொல்வார். அந்த அறிவை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்து, இங்கே மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறோம்.

எனவே கேரட்டும் கிழங்கும் அடியில், சுவரை ஒட்டி, நீருக்குள். கறி அவற்றின் மேல். கேரட்டை இரண்டு அங்குலத் துண்டாகவும், உருளைக்கிழங்கைப் பாதியாகவும் வெட்டினால் எட்டு மணி நேரத்தைத் தாங்கும். தாங்கும் என்றுதான் சொன்னேன், சுடர்விடும் என்று சொல்லவில்லை. கறிச்சாற்றில் நாளெல்லாம் கிடந்த காய் தன் இனிப்பையெல்லாம் குழம்புக்குத் தத்தம் செய்துவிட்டு நிற்கும். நான் இப்போதெல்லாம் இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுகிறேன். சட்டிக்குள் போகும் வெங்காயம், செலரி, இரண்டு கேரட் எல்லாம் குழம்புக்காகப் பலியாகிறவை. தட்டில் வைப்பதற்கான கேரட்டையும் கிழங்கையும் மாலையில் எண்ணெய் புரட்டி ஓவனில் நாற்பது நிமிடம் சுட்டு எடுத்துக் கடைசியில் கலக்கிறேன். பச்சைப் பட்டாணி என்றால் பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு. இதைச் சொன்னால், "அப்புறம் ஸ்லோ குக்கர் எதற்கு?" என்று கேட்கிறார்கள். கறிக்கு!

கறியை முதலில் தனிச்சட்டியில் சிவக்கவிட வேண்டுமா என்ற சண்டையில் இரண்டு தரப்புமே பாதி உண்மையை வைத்துக்கொண்டு கம்பு சுற்றுகின்றன. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1847ல் ஒரு கருத்தை ஊன்றிவிட்டுப் போனார்: கடும் சூட்டில் கறியின் மேற்பரப்பு இறுகினால் சாறு வெளியேறாமல் அடைபடும் என்று. நூறு ஆண்டுக்கு மேல் சமையல் உலகம் அதைக் கட்டிக்கொண்டு அழுதது. அப்படி எதுவும் அடைபடுவதில்லை. சிவந்த கறி வாணலியில் சுரீரென்று சத்தம்போடுவதே அதிலிருந்து நீர் வெளியேறுவதால்தான். ஹெரால்டு மெக்கீ 1984ல் எழுதிய நூலுக்குப் பிறகு இது பரவலாகத் தெரிந்துபோனது. உடனே போட்டுவிட்டுப் போகிறவர்களுக்குக் கொண்டாட்டம்: சாறு அடைபடுவது கட்டுக்கதை, ஆகவே வறுப்பது வீண்வேலை!

வறுப்பது சாற்றுக்காக இல்லையென்றால் எதற்காகவும் இல்லை என்று அர்த்தமா? பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912ல் விவரித்த வினை ஒன்று இருக்கிறது. அமினோ அமிலமும் சர்க்கரையும் கடும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணங்களையும் பிறப்பிப்பது. தோசையின் முறுகல் அதுதான், வறுத்த காப்பிக்கொட்டையின் வாசனையும் அதுதான். அது ஓங்கி நடக்க 140 டிகிரி அளவு சூடும், ஈரமில்லாத மேற்பரப்பும் வேண்டும். ஸ்லோ குக்கர் நூறைத் தாண்டாது, உள்ளே எல்லாம் ஈரம். வெளியே சிவக்காத கறி உள்ளே போய்ச் சிவக்கப்போவதில்லை. அந்த வெளுத்த துணி நிறம் வந்தது இதனால்தான். கறியைத் துடைத்து, உப்புத் தடவி, கனத்த வாணலியில் ஒரு பக்கம் மட்டுமாவது எட்டு நிமிடம் அசைக்காமல் விட்டுச் சிவக்கவையுங்கள். அதை எடுத்த பிறகு வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தலில் வெங்காயத்தையும் ஒரு கரண்டி தக்காளி விழுதையும் வதக்கி, கொஞ்சம் நீர் விட்டுச் சுரண்டி, அந்தப் பழுப்புச் சாற்றைச் சட்டியில் சேருங்கள். மேற்கொண்டு ஊற்றவேண்டிய தண்ணீர் அதுவேதான். ஒரு கரண்டி விழுதின் புளிப்பு, முழு டப்பா தக்காளியைப்போலக் காயை மறிக்காது.

சூப் பொடி பாக்கெட் அமெரிக்கப் பாட் ரோஸ்ட்டின் பிரிக்கமுடியாத அங்கமானதற்கும் காரணம் இங்கே இருக்கிறது. வறுக்காமல் விட்ட சுவையை உப்பும் வெங்காயப் பொடியும் போட்டு ஈடுகட்டுகிறார்கள். பொடியில் மணம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே மணம்.

உறைந்த கறியை ஃப்ரீஸரிலிருந்து நேரே சட்டிக்குள் போடலாம் என்று சொல்கிறவர்களோடு வாதாடப் போவதில்லை. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் மளமளவென்று பெருகும். இரண்டு கிலோ பனிக்கட்டி, பீங்கான் சட்டியின் மெல்லிய சூட்டில் அந்த எல்லையைத் தாண்டப் பாதி நாள் எடுக்கும். அமெரிக்க விவசாயத் துறையே கறியை முழுக்க உருகவிட்டுப் போடுங்கள் என்றுதான் சொல்கிறது.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் ஒரே வலுவான வாதத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அது வேதியியலில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. கிராக்-பாட் பரவிய 1970களில்தான் அமெரிக்கப் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். வேலை கூடியது, வீட்டில் அடுப்படிப் பங்கு குறையவில்லை. எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவர் வீட்டைத் திறந்ததும் சூடாக ஒரு சட்டி காத்திருப்பது சாதாரண விஷயமா? காலை அவசரத்தில் வாணலியைச் சுட வைத்துக்கொண்டு எட்டு நிமிடம் கறியைப் பார்த்துக்கொண்டு நில் என்று எழுதுவதற்கு, வீட்டில் இருந்துகொண்டு கட்டுரை எழுதும் எனக்கு என்ன யோக்கியதை?

கேள்வி நியாயம். ஆனால் பதில் சமையலைக் கைவிடுவதாக இருக்க வேண்டியதில்லை, வேளையை மாற்றினால் போதும். முந்தின இரவே கறியை வறுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் போடலாமே என்று தோன்றும். அரைவேக்காட்டுக் கறியை வைத்திருப்பது கிருமிக்கு விருந்து, அது கூடாது. நான் செய்வது வேறு. மாலையில் சாவகாசமாக வறுத்து, அடுக்கி, இரவு பத்து மணிக்குப் பொத்தானை அமுக்கிவிட்டுப் படுத்துவிடுகிறேன். ஏழு மணிக்கு எழுந்தால் பதம் பார்க்க ஆள் வீட்டிலேயே இருக்கிறது. கறியையும் சாற்றையும் தனித்தனி ஆழமில்லாத பாத்திரங்களில் ஆறவிட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். மாலையில் மேலே உறைந்த கொழுப்பை அப்பளம்போலத் தூக்கி எறிந்துவிட்டு, சாற்றைத் தனியே கொதிக்கவைத்துச் சுண்டவிட்டு, குளிர்ந்த கறியைத் துண்டு போட்டு அதில் சூடாக்கினால் ஆயிற்று. குளிர்ந்த கறி நாராகப் பிரியாமல் கத்திக்குப் பணிந்து வெட்டுப்படும். மறுநாள் மீன்குழம்பின் அருமை தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வீட்டில் வேறு கைகளும் இருந்தால் அந்த எட்டு நிமிடம் அவையும் நிற்கலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொரு கூட்டம் மறுபக்கத்திலிருந்து கல்லெறியும். ஸ்லோ குக்கரே சோம்பேறியின் கருவி, எனாமல் பூசிய இரும்புச் சட்டியும் ஓவனும் இல்லாமல் பாட் ரோஸ்ட் கிடையாது என்பார்கள். ஓவனின் வறண்ட சூட்டில் கறியின் மேற்பக்கம் இன்னும் சிவக்கும், சாறு தானே சுண்டும், ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி கொலாஜனுக்குச் சட்டியின் விலை தெரியாது. வறுத்ததும், பாகம் பார்த்து வாங்கியதும், சாற்றைச் சுண்டவைத்ததும் ஆன பிறகு இரண்டையும் கண்ணைக் கட்டிக்கொண்டு தின்று பார்க்கட்டும். ஜூலை மாதத்தில் நான்கு மணி நேரம் ஓவனை எரியவிட்டு வீட்டையே அவித்து எடுத்தவர்கள் இவர்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை கூப்பிடமாட்டார். சக் வாங்கு, ஒரு பக்கம் சிவக்கவிடு, தண்ணீரைக் குறை, கேரட்டை அடியில் போடு, ராத்திரி வை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து, வேலைவிட்டு வந்த நேரமாக இருக்க வேண்டும், போன் வந்தது. குரலில் பதற்றம்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சு ஃப்ரிட்ஜுல வெச்சுட்டுப் போனேன். இப்ப வந்து பார்த்தா கொழம்பு அப்படியே கட்டியா நிக்குது. பாத்திரத்தச் சாய்ச்சாக்கூட ஊத்தல, அல்வா மாதிரி ஆடுது. கெட்டுப்போச்சா? கொட்டிடவா?"

"தம்பி, கொட்டாதீங்க. அடுப்பப் பத்த வைங்க, நான் கிளம்பி வர்றேன்" என்றேன்.